அலமாரியில் வைத்த ஸ்பீக்கர்

என் டபுள் பேஸை யாரும் அதன் பெயரைச் சொல்லி அழைத்ததில்லை. தாராவியில் ஆள் உயரம் இருக்கும் அது 'பெரிய பிடில்'. லோக்கல் ரயிலின் லக்கேஜ் பெட்டியில் அதைப் படுக்கவைத்துத் துணி போர்த்திக் கொண்டுபோனால், மீன்கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் யார் செத்தது என்று மராத்தியில் கேட்பார்கள். முதல் சில தடவை சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. அவர்கள் கேட்டதில் தப்பும் இல்லை.

வாரத்தில் ஆறு நாள் மாட்டுங்காவில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எனக்கு வேலை. பெட்டிகளின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு போல்ட்டு முறுக்க வேண்டும். அங்கே எனக்குப் பெயர் கிடையாது, பித்தளை வில்லையில் அடித்த நம்பர்தான். ஞாயிற்றுக்கிழமையும் கல்யாண நாளும் வந்தால் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு பேண்டு வாத்தியக் குழுவில் நிற்பேன். அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் மனுஷன். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்தப் பேண்டு இல்லாவிட்டால் என்னிடம் வேறு எதுவும் இல்லை.

நாங்கள் ஐந்து பேர். எல்லோரும் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலிருந்து பிழைக்க வந்த கிறிஸ்தவ சபைக்காரர்கள். டிரம்பெட் வாசித்தவர்தான் எங்கள் தலைவர். அவரை மாஸ்டர் என்போம். அவர் முறையாகப் படித்தவர், தாளைப் பார்த்து வாசிப்பார். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு கோவாக்காரர் இறந்துபோய், அவர் மனைவி வீட்டைக் காலி செய்தபோது பேஸ் என் கைக்கு வந்தது. அதன் கழுத்தில் விரலை எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு கோடும் இல்லை. பக்கத்தில் டிரம்பெட் ஊதுவதைக் கேட்டுக்கேட்டு நானாகவே இடம் கண்டுபிடித்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒத்திகை நடக்கும் தகரக் கொட்டகை ரயில் பாதையை ஒட்டி இருந்தது. டிரம்மும் ரயிலும் சேர்ந்தால் என் காதுக்கு என் வாத்தியம் எட்டாது. தோளில் சாய்ந்திருக்கும் மரம் அதிர்வதை வைத்துத்தான் வாசிக்கிறேன் என்று தெரிந்துகொள்வேன்.

எங்கள் ஆட்களின் கல்யாணத்தில் பேண்டுக்காரர்களோடு ஒரு போட்டோ எடுத்தே ஆக வேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் முன்னால், பெரிய பிடிலும் நானும் நடுவில். எத்தனையோ வீட்டு ஆல்பங்களில் நான் இருக்கிறேன். அந்தப் படங்களை நினைத்து அப்போது எனக்கு உள்ளூரக் கர்வம்.

அறுபதுகளின் பாதியில் எங்கள் கிடார்க்காரன் எலெக்ட்ரிக் கிடாரும் அதற்கு ஓர் ஆம்ப்ளிஃபயரும் வாங்கினான். அன்றைக்கே என் கதை முடிந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. சுனாபட்டியில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு சாமான்களைக் கட்டும்போது மாஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உம்ம பேஸ் பாக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு ஓய். ஆனா கேக்க மாட்டேங்குதே. எல்லாவனும் இப்பம் எலெக்ட்ரிக்லா கேக்கான்."

அவருடைய அக்கா மகன் ஒருவன் எலெக்ட்ரிக் பேஸ் கிடார் வைத்திருந்தான். வருகிற ஜனவரியில் செம்பூரில் பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்று இருந்தது. அதற்குள் என் பேஸ் காதில் விழ வழி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இல்லாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்கள் ஆட்களிடம் கிடையாது. பெண் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். பெண்ணைப் பெற்றவனும் புரிந்துகொண்டு பேசாமல் இருப்பான். ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? ஆனால் ஒர்க்‌ஷாப்பில் ஊறிய புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. சக்கரம் கீச்சிட்டால் கிரீஸ் வை, கேட்கவில்லை என்றால் கேட்கவை. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

தாராவி மெயின் ரோட்டில் எங்கள் ஜில்லாவிலிருந்து வந்த ஒரு பாய் மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், கந்தூரி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் குழாய் ஸ்பீக்கர்தான் கட்டுவார். பேஸைத் தள்ளிக்கொண்டு அவரிடம் போனேன். அவர் அதற்கு முன்னால் ஒரு மைக்கை நிறுத்தி, வாசலில் கட்டியிருந்த குழாயில் இணைத்தார். வாசித்தேன். கம்பியில் விரல் உரசுகிற சத்தமும் டொக்டொக் என்று பலகையைத் தட்டுகிற சத்தமும் தெருக்கோடி வரை கேட்டன. பேஸ் மட்டும் வரவில்லை.

"அண்ணாச்சி, இது பேசுததுக்கு உள்ள குழாய். இதுல தொண்டதான் வரும், வயிறு வராது" என்றார் பாய்.

சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். நான் கையை எடுத்த பிறகும் பேஸ் தானாகவே ஊளையிட ஆரம்பித்தது. குழாயிலிருந்து வருவது மறுபடி பேஸின் வயிற்றுக்குள் போய், அங்கிருந்து மைக்குக்கு வந்து, சுற்றிச்சுற்றி ஏறிக்கொண்டே போனது. எதிர்க் கடையில் தோல் வெட்டிக்கொண்டிருந்தவர் இந்தியில் கெட்ட வார்த்தை சொன்னார்.

அதன்பிறகு ஒர்க்‌ஷாப் விட்டால் நேராகப் பாய் கடைதான். மைக்கைத் துண்டில் சுருட்டி, கம்பிகளைத் தாங்கும் குதிரைக்குக் கீழே இறுக்கிச் செருகினோம். பேஸின் மார்பில் இருக்கிற இரண்டு துளைகளிலும் கிழிந்த வேட்டியை அடைத்தோம். ஊளை குறைந்தது. வாத்தியத்துக்கு மூக்கிலும் வாயிலும் துணி வைத்த மாதிரி இருந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. அப்புறம் குழாயை விட்டுவிட்டு, சினிமா கொட்டகையில் கழித்துப்போட்ட பெரிய காகிதக் கூம்பு ஸ்பீக்கர் ஒன்றைப் பாய் குர்லாவில் பழைய சாமான்காரனிடம் பிடித்துவந்தார். ஆனால் அதை வெறுமனே தரையில் வைத்தால் சத்தம் எழவில்லை. நல்ல கனமான மரப்பெட்டிக்குள் அடைக்க வேண்டும் என்றார். அவ்வளவு பெரிய மரப்பெட்டிக்கு நான் எங்கே போவேன்?

என் வீட்டில் ஒரு மர அலமாரி இருந்தது. என் மனைவி சட்டை தைத்துக் கொடுத்துச் சேர்த்து வாங்கியது. எங்கள் ஒற்றை அறையில் பூட்டுப் போட்ட சாமான் அது ஒன்றுதான். கதவில் நீளமாக ஒரு கண்ணாடி பதித்திருக்கும். அதன் முன்னால் நின்று அவள் தலை சீவும்போது அறையே பெரிதாகிவிட்டது போலத் தெரியும். நான் அவளிடம் நேராகக் கேட்கவில்லை. பாய் சொன்னதை மட்டும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குள்ள வச்சா கேட்டுருமா?" என்றாள்.

கேட்கும் என்றேன். மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது சேலைகளெல்லாம் டிரங்குப் பெட்டிக்குப் போயிருந்தன. கண்ணாடியை அவளே கழற்றி ஆணியில் மாட்டியிருந்தாள். கண்ணாடி இருந்த இடத்தில் ஸ்பீக்கரைப் பொருத்தினோம். அவளுக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. நான் பேண்டை விட்டால் என்ன ஆவேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அதனால் கொடுத்தாள்.

பாய் கடையில் அலமாரியை நிறுத்தி, தடித்த கம்பியை விரலால் இழுத்தேன். கால் வழியாக ஏறியது சத்தம். மேஜையில் இருந்த தேநீர் கிளாஸ் நகர்ந்தது. அத்தனை வருஷம் தோளில் மட்டும் உணர்ந்ததை முதல்முறையாகக் காதால் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாயும் சந்தோஷத்தில் ஊளை வருகிறதா, வரவில்லையா என்று சோதிப்பதற்காகத் திரும்பத்திரும்ப அந்த ஒரு கம்பியையே இழுக்கச் சொன்னார். கழுத்தில் விரல் வைத்து வாசிக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. சத்தம் வந்தது, அது போதும் என்று இருந்தது.

கல்யாணத்தன்று அலமாரியைக் கைவண்டியில் ஏற்றிச் செம்பூருக்குக் கொண்டுபோனோம். என் மனைவியும் வந்தாள், அலமாரியில் கீறல் விழுந்துவிடும் என்ற பயத்தில். பந்தலில் பேச்சுக்கும் ஜெபத்துக்கும் பாய்தான் மைக் கட்டியிருந்தார். அதைக் கவனிக்க வேண்டியிருந்ததால் என் பேஸுக்கான ஆம்ப்ளிஃபயரை அவளிடம் ஒப்படைத்தார். ஊளையிட்டால் இந்தக் குமிழை இடது பக்கம் திருப்பு தாயி, வேறு எதையும் தொடாதே என்று காட்டிக்கொடுத்தார். அவள் அலமாரியை ஒட்டி ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

எங்கள் கல்யாணங்களில் ஆட்டம் கிடையாது. ஒரு பக்கம் பிரியாணி, ஒரு பக்கம் பேண்டு. சினிமாப் பாட்டுக்கு முன்னால் ஞானப்பாட்டு வாசிக்க வேண்டும். சபைக் கோயிலில் நாலு குரலில் பாடிப் பழகிய சனம் அது. அடிக்குரலில் பாடுகிற ஆண்களுக்கு நான் வாசிக்கிற அந்த அடி வரிசை ஒவ்வொரு சுரமாக மனப்பாடம். அதுவரை நான் வாசித்தது அவர்கள் காதில் விழுந்ததே இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

முதல் பாட்டின் முதல் அடியிலேயே பந்தல் நிறைந்துவிட்டது. தலைகள் திரும்பின. எனக்கு நெஞ்சு விம்மியது. அடுத்த அடியில் கிடார்க்காரன் தன் முறுக்காணியைத் தொட்டுப் பார்த்தான். சாக்ஸபோன்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முன் வரிசையில் பாடகர் குழுப் பெரியவர் ஒருவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு முகத்தைச் சுளித்தார். கிடாரில்தான் சுருதி விட்டிருக்கிறது என்று நான் நினைத்தேன். கேக் வெட்டும் நேரத்தில் மெதுவான ஒரு பாட்டு, டிரம்மும் கிடாரும் கிடையாது, டிரம்பெட்டும் பேஸும் மட்டும். அப்போது எனக்கே கேட்டது. டிரம்பெட் ஓர் இடத்தில் நின்றது, நான் அதற்குப் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு சுரத்திலும் பக்கத்தில்தான். விரலைச் சற்று மேலே நகர்த்தினேன், தாண்டிப்போனது. கீழே இழுத்தேன், இன்னும் மோசமானது. எத்தனையோ வருஷமாக நான் கண்டுபிடித்துவைத்த இடம் ஒன்றுகூடச் சரியான இடமில்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. சினிமா கொட்டகை ஸ்பீக்கரில் அதை ஊதிய ஆண்டி நானாகத்தான் இருப்பேன்.

இடைவேளையில் பந்தலுக்குப் பின்னால் மாஸ்டர் எனக்கு ஒரு கிளாஸ் சர்பத் கொண்டுவந்து கொடுத்தார். கோபமாக இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா மாஸ்டர் என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மொத வருசமே தெரியும்வே. நீரு பின்னால நின்னா பேண்டு பெருசாத் தெரியும். கல்யாண வீட்டுக்காரனுக்கு அது போதும். யாருக்கும் கேக்கல, நானும் விட்டுட்டேன். அன்னைக்கு கேக்கலன்னு சொன்னது, நீரா வெலகிக்கிடுவீருன்னுதான்."

நான் சர்பத்தைக் குடித்து முடித்தேன். கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அவர்மேல் வருத்தப்பட எனக்கு வழி இல்லை. அத்தனை வருஷம் மரியாதையாகத்தான் நடத்தினார். ஒரு பெரிய பூச்சாடியை வைத்துக் காப்பாற்றுவது போல என்னைக் காப்பாற்றியிருக்கிறார்.

மறுபடி மேடை ஏறித்தானே ஆக வேண்டும்? போட்டோ இன்னும் எடுக்கவில்லை. ஏறினேன். முடிந்தவரை மெதுவாகக் கம்பியை இழுத்தேன். மெதுவாக இழுத்ததுகூட ஸ்பீக்கரில் பெரிதாகத்தான் வந்தது. தவறு மெதுவாகக் கேட்டால் தவறில்லை என்று ஆகிவிடுமா? பாடகர் குழுப் பெரியவர்கள் இப்போது நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார்.

இடைவேளைக்குப் பிறகு வந்த இரண்டாவது பாட்டின் நடுவில் என் சத்தம் நின்றுவிட்டது. கம்பி அதிர்கிறது, தோளில் மரம் அதிர்கிறது, அலமாரியிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஒயர் கழன்றுவிட்டது என்று நினைத்துத் திரும்பினேன். ஒயர் இருந்த இடத்தில் இருந்தது. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் மனைவியின் கை குமிழின் மேல் இருந்தது. குமிழ் இடது பக்கம், அதற்கு மேல் திரும்ப முடியாத அளவுக்குத் திரும்பியிருந்தது.

ஊளை எதுவும் வரவில்லையே.

அவளுக்குப் பாட்டு தெரியாது. சுருதி என்றால் என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து முன் வரிசை முகங்கள் எல்லாம் தெரியும், அவ்வளவுதான். நான் பார்க்கிறேன் என்று அறிந்தும் அவள் என் பக்கம் திரும்பவில்லை. கேக் தட்டை நீட்டிய யாரையோ பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

நான் கடைசிப் பாட்டு வரை வாசித்தேன். பேஸ் நின்றுபோனதைப் பந்தலில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.