ஏணி அக்காவுக்கு எதிராகச் சாட்சி சொன்ன ரத்தம்

செருப்புக் கடையில் அவளுக்கு ஏணி அக்கா என்று பெயர். கடையின் இரண்டு சுவரிலும் தரையிலிருந்து கூரைவரை அட்டை டப்பாக்கள் அடுக்கியிருக்கும். எந்த டப்பா எந்த மூலையில் என்பது அவளுக்கு அத்துப்படி. வந்தவர் காலுறையைக் கழற்றுவதற்குள், "எட்டுன்னு கேப்பீங்க, ஆனா ஒன்பதுதான் சேரும்" என்று சொல்லிவிட்டு, சக்கரம் வைத்த ஏணியை ஒரு தள்ளுத் தள்ளி மேலே ஏறியிருப்பாள். இருபத்தாறு வருஷம் ஏறினாள். ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

விழுந்தது வீட்டுக் குளியலறையில். ஈர மிதியடி வழுக்க, கையை ஊன்ற, மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகு எடுத்த ஸ்கேனில், எலும்பு மெலிந்துபோயிருக்கிறது என்று தெரிந்தது. அவளுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. செய்தி கடைக்குப் போய்ச் சேர்ந்ததும், முதலாளி அவளை ஏணியிலிருந்து இறக்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் பை போடும் மேசையில் உட்காரவைத்தார்.

"பாத்ரூம்ல விழுந்ததுக்கு ஏணிக்குத் தண்டனையா தம்பி? மிதியடியை உட்கார வைங்க" என்றாள். ஆட்கள் முன்னால் அவரை முதலாளி என்பாள். கோபம் வந்தால் தம்பி.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. உங்க பையன் போன் பண்ணிச் சொன்னாரு. டாக்டர் சரின்னு சொல்லட்டும், மறுநாளே ஏறிக்குங்க."

அவள் கொதித்தது அதற்குத்தான். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மகன் கடைக்குப் போன் செய்திருக்கிறான்!

மகன் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளன். ஒரே ஜாதிச் சரக்கை ஒரே தட்டில் அடுக்கி, லேபிள் ஒட்டினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். சமையலறையில் சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை' என்று ஒட்டியிருப்பான். "உள்ள இருக்கிறது கண்ணாடி வழியாத் தெரியுதேடா" என்றால், "எதுக்கும் இருக்கட்டும்மா" என்பான். கெட்டவனில்லை. அம்மாவைக் கிடங்கில் பத்திரமாக இறக்கிவைத்த சரக்குபோல நினைத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

டாக்டரம்மா வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரைமணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் சாப்பிடக் கூடாது, டீகூடக் கூடாது. தினம் ஒரு கால்சியம் மாத்திரையும் உண்டு. தொடங்குவதற்கு முன்பே காலையில் வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

"ரத்தத்துல எலும்பு எப்படித் தெரியும்?" என்று அவள் கேட்டாள்.

"எலும்புக்குள்ள எப்பவும் ஒரு கூட்டம் இடிச்சுக்கிட்டே இருக்கும், ஒரு கூட்டம் கட்டிக்கிட்டே இருக்கும். உங்களுக்கு இடிக்கிற கூட்டம் ஜாஸ்தி. இடிக்கும்போது பறக்கிற தூசி ரத்தத்துல கலக்கும். அதைத்தான் அளக்கிறோம். மாத்திரை வேலை செஞ்சா நாலு மாசத்துல தூசி நல்லாக் குறையணும். ஸ்கேன்ல அது தெரிய ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும், அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாமேன்னுதான்."

அவளுக்கு இது பிடித்துப்போயிற்று. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமையை ஒரு போர்போல நடத்தினாள். மகன் ஏழு நாளுக்கும் ஏழு அறை வைத்த மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்கி, கிழமை ஒட்டி, அவனே நிரப்பிக் கொடுத்தான். ஞாயிறு காலை அந்த அறையைத் திறப்பாள், உள்ளே இருப்பதை வாயில் போடுவாள், தண்ணீரை முழுசாகக் குடிப்பாள், சமையலறை நாற்காலியில் முதுகு நிமிர்த்திக் கடிகாரத்தைப் பார்த்து உட்காருவாள். மகன் நேரத்தோடு எழுந்துவிட்டால் எதிரில் உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடிப்பான். அந்த மணம் மூக்கைத் துளைக்கும். முப்பதாவது நிமிஷம் முடியாமல் அவள் அடுப்புப் பக்கம் திரும்பியதில்லை. இப்படிப் பதினாறு ஞாயிறு.

பிறகு இரண்டாவது ரத்தம் எடுத்தார்கள். தாளைப் பார்த்த டாக்டரம்மாவின் புருவம் சுருங்கியது.

"தூசி அப்படியே இருக்கும்மா. குறையவே இல்ல. மாத்திரை ஒழுங்காப் போட்டீங்களா?"

"ஒரு வாரம்கூட விடல."

"சில பேரு வயித்தெரிச்சல்னு நிறுத்திடுவாங்க. சொன்னாத் திட்ட மாட்டேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து மகன், "மறந்திருப்பாங்க டாக்டர். வயசாகுதில்ல? நான் சில ஞாயித்துக்கிழமை லேட்டா எழுந்துக்கறேன், பாக்கிறதில்ல" என்றான்.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கடையில் நானூறு டப்பாக்களின் இடம் தெரிந்தவளை, பதினாறு மாத்திரையை மறந்தவள் என்கிறான். பெற்ற பிள்ளை.

வீட்டுக் கதவைத் திறந்ததும் வெடித்தாள்.

"என் ரத்தமே எனக்கு எதிராச் சாட்சி சொல்லுதாம், நீ பக்கத்துல உட்கார்ந்து ஆமாம் போடுறே!"

"அம்மா, ரிப்போர்ட் பொய் சொல்லுமா?"

"ரிப்போர்ட்டும் பொய் சொல்லல, நானும் பொய் சொல்லல. நடுவுல எவனோ சொல்றான். அவனைக் கண்டுபிடிக்காம நான் விடப் போறதில்ல."

"விடும்மா. வேற மருந்துக்கு மாத்துவாங்க. கடைக்கும் நான் பேசிடறேன், வீட்டுல இரு. உழைச்சது போதாதா?"

"கடைக்குப் போன் பண்ணினே, உன் கிடங்குக்கு வந்து உட்கார்ந்துக்குவேன். என் மேல என்ன லேபிள் ஒட்டுவேன்னு பாக்கறேன்!"

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, மகன் அதற்கு முந்தைய ராத்திரிதான் நிரப்பி வைத்திருந்த மாத்திரைப் பெட்டியை அப்படியே பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். மகன் பின்னாலேயே ஓடிவந்தான். முன்பதிவு இல்லை என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள். "எனக்கு இருக்கு, டாக்டரம்மாவுக்குத்தான் தெரியாது" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒன்றரை மணி நேரம், நாற்காலியில் உட்காருகிற அதே நிமிர்வோடு.

உள்ளே போனதும் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"இதைத்தான் நான் முழுங்கறேன். வாராவாரம் இவன் நிரப்புறான், நான் காலி பண்றேன். ஞாயித்துக்கிழமையைத் திறந்து பாருங்க. இந்தப் பெட்டி முன்னாடி நான் மறந்தேன்னு யாராவது சொல்லட்டும்."

டாக்டரம்மா திறந்தார். உள்ளே ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அதன் பக்கத்திலேயே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பெரிய மாத்திரை.

"இது என்ன?"

"கால்சியம்" என்றான் மகன் பெருமையாக. "தினம் ஒண்ணு உண்டில்ல? ரெண்டும் எலும்பு மருந்துதானே, அதான் ஞாயித்துக்கிழமை ரெண்டையும் ஒரே அறையில வெச்சிருக்கேன்."

"ரெண்டையும் ஒண்ணாவே முழுங்குறீங்களாம்மா?"

"உள்ள இருக்கிறதை முழுங்குன்னுதானே கொடுத்தான்?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "தம்பி, அந்தச் சின்ன மாத்திரை உடம்புல ஏறுறதே கொஞ்சம்தான். கால்சியம் கூடப் போனா அதைக் குடலிலேயே பிடிச்சு வெச்சுக்கும், ரத்தத்துக்கு விடாது. கால்சியம் மத்தியானச் சாப்பாட்டோடன்னு எழுதியிருக்கேனே."

மகன் சீட்டை வாங்கிப் பார்த்தான். எழுதித்தான் இருந்தது. அவன் காது மடல் சிவந்தது.

ஏணி அக்கா அவசரப்படவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலில் கேட்டாள்: "ரெண்டும் செருப்புதான்னு ஏழாம் நம்பரையும் ஒன்பதாம் நம்பரையும் ஒரே டப்பாவுல போடுவியாடா?"

டாக்டரம்மா சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்து, "நேத்து நான் கேட்டது தப்பும்மா. போட்டீங்களான்னு கேட்டேன், எப்படிப் போட்டீங்கன்னு கேக்கல" என்றார். "மருந்தை மாத்த வேண்டாம். ஒழுங்காப் போட்டு இன்னும் மூணு மாசம் கழிச்சு ரத்தம் கொடுங்க."

"கொடுக்கறேன். ஆனா அதுவரைக்கும் இவன் கடைக்குப் போன் பண்ணக் கூடாதுன்னு அதையும் சீட்டுல எழுதுங்க."

அன்று சாயங்காலமே மகனின் லேபிள் மெஷினைப் பிடுங்கி, மாத்திரைப் பெட்டியின் மூடியில் அவளே ஒன்று ஒட்டினாள்: 'மகன் தொடக் கூடாது.' கால்சியம் சாப்பாட்டு மேசைக்கு இடம் மாறியது. ஞாயிற்றுக்கிழமைப் போர் தொடர்ந்தது. இப்போது எதிரில் டீ குடிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. பால்கனியில் நின்று குடித்தான்.

மூன்று மாதம் கழித்து வந்த தாளில் தூசி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அவள் தாளை வாங்கி, எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப நான் ஏணியில ஏறலாம்னு எழுதிக் கொடுங்க."

"அதை இந்த ரத்தம் சொல்லாதும்மா. மாத்திரை வேலை செய்யுதுன்னு மட்டும்தான் சொல்லும். எலும்பு தேற நாளாகும். விழக் கூடாது, அதுதான் முக்கியம்." டாக்டரம்மா அவளை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நின்றாள். காலை மாற்றச் சொன்னார். மாற்றினாள். "இறக்கட்டுமா, இல்ல இப்படியே வீட்டுக்குப் போகட்டுமா?" என்று கேட்டாள். கடைசியில் டாக்டரம்மா எழுதினார்: இரண்டு பக்கமும் கைப்பிடி, சக்கரத்துக்குப் பூட்டு, மூன்றாம் படிக்கு மேல் கூடாது.

முதலாளி அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார். "புது ஏணியே வாங்கச் சொல்றீங்களே அக்கா!"

"எனக்காக இல்ல தம்பி. இருபது வயசுக்காரி விழுந்தாலும் எலும்பு உடையத்தான் செய்யும். இத்தனை வருஷம் கைப்பிடி இல்லாம நான் விழாததே உங்க அதிர்ஷ்டம்."

ஏணி வந்தது. மேல் தட்டில் கிடந்த, அவள் அடிக்கடி எடுக்கும் சரக்கையெல்லாம் மூன்றாம் படியிலிருந்து எட்டும் உயரத்துக்கு இறக்கி அடுக்கச் செய்தாள். விற்காத மாடல்கள் மேலே போயின.

அந்த வாரக் கடைசியில் மகன் கடைக்கு வந்தான். வேலைக்குப் போட ஷூ வேண்டுமாம். பழையதற்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"எட்டாம் நம்பர்" என்றான்.

"ஒன்பது" என்றாள்.

ஏணியைத் தள்ளி, சக்கரத்தைப் பூட்டி, கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். இரண்டாம் படியில் கீழே பார்த்தாள். மகன் இரண்டு கையாலும் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றிருந்தான்.

"கையை எடுடா. கஸ்டமர் உட்கார்ந்துதான் இருக்கணும், இது கடை."

அவன் கையை எடுத்தான், போய் உட்கார்ந்தான். அவள் மூன்றாம் படிக்கு ஏறி, பார்க்காமலேயே கையை நீட்டி டப்பாவை எடுத்தாள்.