கடைக்காப்பு வரை நின்றவள்

எட்டு வயதில் ஒரு பேயை விரட்டிய பெருமை எனக்கு உண்டு. அதுவும் பட்டப்பகலில், நாற்பத்திரண்டு பேர் கூடிச் சென்ற சுற்றுலாவில், பினாங்குக் கடற்கரையில், கொட்டும் மழையில். அந்தப் பெருமை எனக்கு நான்கு ஆண்டுகள் நீடித்தது.

அப்போது நாங்கள் நிபோங் திபாலை அடுத்த பைராம் தோட்டத்தில் இருந்தோம். அப்பா தோட்ட அலுவலகத்தில் கிராணி, கணக்கெழுதுபவர். வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. என் கண்கள் சிறியவை. தோல் நல்ல வெளுப்பு. தலைமயிர் ஈர்க்குப்போல் நேராக விழும். தோட்டத்துப் பிள்ளைகள் என்னைச் சீனாச்சி என்று கூப்பிடுவார்கள். அழுதுகொண்டு போய் நின்றால், நான் வயிற்றில் இருந்தபோது தான் உண்ட குங்குமப்பூவின் பலன் அது என்று அம்மா தேற்றுவாள். தோட்டத்துக் கடையில் உப்பும் கருவாடும் தவிர வேறொன்றும் கிடைக்காத அக்காலத்தில் அவ்வளவு குங்குமப்பூ எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றியதில்லை.

ஆகஸ்டு விடுமுறையில் கோயில் குழுவினர் ஒரு பேருந்தை வாடகைக்குப் பிடித்துப் பினாங்குத் தீவைச் சுற்றிப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். முன்னின்று நடத்தியவர் மாமா, அம்மாவின் தம்பி. கோயிலுக்கும் கடைக்கும் அப்பால் எங்கும் போக விரும்பாத அம்மா, அந்த முறை முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். இரண்டு வாரங்களுக்கு முன்பே மாமாவை உட்காரவைத்து, எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போவோம், எவ்வளவு நேரம் நிற்போம் என்று கேட்டுக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். அக்காவுக்கு ஊர் பார்க்கும் ஆசை வந்துவிட்டது என்று மாமா எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

புறப்பட்டபோதே மழை. பாலம் வராத காலம் அது. பட்டர்வொர்த்தில் பேருந்தோடு பெர்ரியில் ஏறினோம். கடலும் வானும் ஒரே சாம்பல் நிறமாய்க் கலந்து கிடந்தன. தீவு இருக்கும் திசையே தெரியவில்லை. பிள்ளைகள் பொறுமையிழந்து கத்தவே, மாமா எழுந்து நடுவழியில் நின்றுகொண்டார்.

“எல்லாம் நல்லாக் கேட்டுக்குங்க. இது சீனவங்க பேய் மாசம்லா. ரோட்டோரம் சோறு, ஊதுவத்தி வச்சிருந்தா மிதிக்காதீங்க. பின்னால யாராச்சும் கூப்பிட்டா திரும்பாதீங்க. ஒரே உருவத்த ரெண்டு தடவ பாத்தா பரவால்ல. மூணாவது தடவ அது கை நீட்டும். கை குடுத்தீங்க, அடுத்த வருசம் பஸ்ஸுல ஒரு சீட்டு காலி.”

பின்வரிசையிலிருந்த ஓர் அக்காள் விடவில்லை. “பாக்குற பொண்ணுக்கெல்லாம் கை நீட்டுறவன் நீதானே தம்பி. மொதல்ல ஒன் சீட்டுதான் காலி.”

பேருந்தே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. பிள்ளைகளைப் பயமுறுத்தாதே என்று தம்பியைக் கடிந்துகொண்டு என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். அன்று காலை வீட்டுவாசலில் பற்றிய கை அது. தண்ணீர் குடிக்கவும் அதை விடவில்லை.

பெர்ரி தீவின் கரையை அடைந்ததும், காப்பி குடிப்பதற்காகப் பேருந்தைத் துறைக்கு எதிரே பத்து நிமிடம் நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கினார்கள். தனக்குத் தலைவலி என்று சொல்லி அம்மா என்னையும் தன்னோடு இருத்திக்கொண்டாள். நான் ஆவி படிந்த சன்னலை உள்ளங்கையால் துடைத்து வெளியே பார்த்தேன். மழைக்கு ஒதுங்க ஓடுகிறவர்களுக்கு நடுவே ஒருத்தி மட்டும் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். கறுப்புக் காற்சட்டை, சாயம் போன நீலப் பூச்சட்டை, கையில் பழைய எண்ணெய்த்தாள் குடை. குடை இருந்தும் தோள்கள் நனைந்திருந்தன. அவள் போவோர் வருவோர் எவரையும் பார்க்கவில்லை. எங்கள் பேருந்தின் சன்னல்களை முன்னாலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பார்வை எங்கள் சன்னலுக்கு வருமுன் அம்மா என் தலையைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

“தூங்கும்மா,” என்றாள். காலை மணி பத்துகூட ஆகவில்லை.

அம்மாவும் அவளைப் பார்த்துவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று. திரும்பி வந்த மற்றவர்கள் யாரும் அப்படி ஒருத்தியைப் பற்றிப் பேசவில்லை. காப்பியில் சீனி போதவில்லை என்பதே அவர்கள் பேச்சு.

அடுத்துத் தண்ணீர்மலைக்குச் சென்றோம். படிகளில் அருவிபோல் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. முருகன் சந்நிதியில் அம்மா கண்மூடி நின்றவள், தீபாராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் நின்றாள். குருக்கள் தந்த திருநீற்றுப் பொட்டலத்தை என் சட்டைப்பையில் வைத்தாள். கீழே பகல் உணவு உண்டபோது, மழையில் ஆயர் ஈத்தாமுக்குப் போகத்தான் வேண்டுமா, நேராக வீடு திரும்பினால் என்ன என்று மாமாவைக் கேட்டாள். எல்லாரும் காசு கட்டியிருக்கிறார்கள், ஆமைக் குளத்தைப் பார்க்காமல் போனால் பிள்ளைகள் தம்மைக் கொன்றுவிடுவார்கள் என்று மாமா மறுத்துவிட்டார்.

ஆயர் ஈத்தாம் சந்தைத் தெருவில் வெள்ளம் கணுக்காலளவு நின்றது. பேருந்து நகராமல் நின்றுவிட்டது. தெருவோரத்தில் தகரப் பீப்பாய்களில் எரித்த காகிதங்கள் மழையில் அவிந்து புகைந்துகொண்டிருந்தன. ஒரு பக்கம் சீனக் கூத்து மேடை. முகத்தில் வெள்ளையும் சிவப்பும் தீட்டிய ஒருத்தி நீண்ட சட்டைக்கைகளை வீசிக் கீச்சுக்குரலில் பாடிக்கொண்டிருந்தாள். கேட்க ஒரு மனிதர் இல்லை. மேடைக்கு முன் ஒரு வரிசைச் சிவப்பு நாற்காலிகள் மட்டும் மழையில் நனைந்துகொண்டிருந்தன. அவை செத்துப்போனவர்களுக்காகப் போட்டவை, அதனால்தான் காலியாக இருக்கின்றன என்று மாமா விளக்கினார்.

ஒரு நாற்காலி காலியாக இல்லை.

அவள்தான். அதே நீலச் சட்டை, அதே குடை. நாற்காலிக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டும் என்று இன்று எண்ணுகிறேன். அன்று பேருந்தின் உயரத்திலிருந்து பார்த்தபோது அமர்ந்திருப்பதாகவே தெரிந்தது. மேடைக்கு முதுகு காட்டி எங்களை நோக்கியிருந்தாள். எங்களுக்கு முன்னே அவள் எப்படி இங்கே வந்து சேர்ந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. வெளியே இருட்டிக் கிடந்ததால் சன்னல் கண்ணாடியில் என் முகமும் தெரிந்தது. பேருந்து சற்றே அசைந்தபோது அவள் முகம் என் முகம் இருந்த இடத்துக்கு வந்தது. வந்து, பொருந்தி, ஒரு நொடி நின்றது. எது கண்ணாடிக்கு உள்ளே, எது வெளியே என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

அம்மா திரையை இழுத்து மூடினாள். பேருந்து ஆமைக் குளமுள்ள சீனக் கோயிலடியை அடைந்தபோதும் இறங்கவில்லை. பின்வரிசை அக்காள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளோடு போய்விட்டாள். அப்பா மட்டும் எங்களுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பாராமலே அம்மாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்டது இறுதிச் சொற்கள் மட்டுமே.

“இன்னும் எத்தன எடத்துக்குத்தான் அவங்க வருவாங்க?”

அம்மாவின் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு முறை ஆகிவிட்டது. மூன்றாம் முறை அது கை நீட்டும். அது அம்மாவைக் கொண்டுபோகத்தான் வந்திருக்கிறது. அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது, ஆனால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இவ்வளவும் எனக்குத் தெளிவாக விளங்கிவிட்டது. என் பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து, அம்மா பற்றாத கைக்குள் வைத்துக்கொண்டேன்.

கடைசி இடம் எஸ்பிளனேட் கடற்கரை. மழை வலுத்திருந்தது. அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று பெரும்பாலோர் பேருந்திலேயே இருந்துவிட்டார்கள். தண்ணீர்மலைக்குப் பிறகு எங்கும் இறங்காத அம்மா அங்கே இறங்கினாள். குடைகூட எடுக்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு, கடல்சுவரை ஒட்டியிருந்த சிமெந்துக் கூடாரத்துக்கு நடந்தாள். அப்பா பின்னால் வந்தவர் பாதி வழியில் நின்றுவிட்டார்.

கூடாரத்துக்கு வெளியே, கூரைநீர் விழும் கோட்டுக்கு அப்பால், அவள் நின்றுகொண்டிருந்தாள்.

குடையை மடக்கித் தரையில் வைத்தாள். மழை அவள் தலையில் விழுந்து கன்னங்களில் இறங்கியது. அம்மாவைப் பார்த்தாள், பிறகு கையை நீட்டினாள். நெடுநேரம் நீருக்குள் கிடந்ததுபோல் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

அப்போதுதான் அன்றைய நாளின் மிகப் பெரிய பயங்கரம் நிகழ்ந்தது. காலையிலிருந்து என்னைப் பற்றியிருந்த கையை அம்மா விட்டுவிட்டாள்.

“போம்மா,” என்றாள். அது அவள் குரலாகவே இல்லை. “போய் அந்தக் கையப் புடிச்சுக்க. கொஞ்ச நேரந்தான்.”

பேய் அம்மாவைப் பிடித்துவிட்டது, அவள் வாயால் பேசுகிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. நான் பொட்டலத்தைப் பிரித்துத் திருநீறு முழுவதையும் எதிரே நின்றவளின் முகத்தில் வீசினேன். கைகுவித்துப் பாடத் தொடங்கினேன்.

அச்சம் வந்தால் பாடவேண்டிய பதிகம் ஒன்றை அப்பா எனக்குப் பாடமாக்கியிருந்தார். முதற்பாட்டின் முதலடியிலேயே பேயும் பூதமும் ஓடிவிடும் என்பார். ஆயினும் பதிகத்தை இடையில் நிறுத்துவது இறைவனை வாசலில் நிறுத்திவைப்பதற்கு ஒப்பாகும் என்பதும் அவர் கட்டளை. பத்துப் பாட்டும் பாடி, பாடினோர் பெறும் பயனைக் கூறும் பதினோராவது பாட்டாகிய கடைக்காப்பையும் பாடிய பிறகே வாய்மூட வேண்டும். நான் அவ்வண்ணமே பாடினேன். மழையோசைக்கு மேல் கேட்கும்படி, தொண்டை கிழியப் பாடினேன். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். பண் சற்றுப் பிசகினாலும் திருத்துகிறவர், அன்று ஒரு சொல் சொல்லவில்லை.

அவள் ஓடவில்லை. நீட்டிய கையை மெல்லக் கீழே இறக்கினாள். முகத்தில் அப்பிய நீறு மழையில் கரைந்து கழுத்தில் வெள்ளைக் கோடுகளாக வழிந்தது, அதைத் துடைக்கவில்லை. கூரைநீர் விழும் கோடுவரை வந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றாள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் இப்போது போய்விடும் என்று பார்ப்பேன். அவள் அடுத்த பாட்டுக்காகக் காத்திருப்பவள்போல் நிற்பாள். கடைக்காப்பும் முடிந்த பிறகே அம்மாவைப் பார்த்துத் தலைதாழ்த்தினாள். குடையை எடுத்துக்கொண்டாள், விரிக்காமலே கடல்சுவரை ஒட்டி நடந்தாள். பத்தடி தாண்டியதும் மழை அவளை மறைத்துவிட்டது.

மாமா தலைகளை எண்ணி, நாற்பத்திரண்டு சரியாக இருக்கிறது என்றார். நான் பேயை விரட்டிவிட்டதை அம்மாவின் காதில் சொன்னேன்.

“ஆமாம்மா,” என்றாள் அம்மா. “போயிட்டாங்க.”

பன்னிரண்டாம் வயதில் அடையாள அட்டை எடுக்கச் சென்றபோது, பதிவு அலுவலகத்து மேசையில் நான் அதுவரை காணாத ஒரு தாளை அப்பா நீட்டினார். தத்துப் பத்திரம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். சீனர் கணக்குப்படி புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்று, பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு சீனக் குடும்பத்தில் பதினோரு நாள் குழந்தையைக் கொடுத்துவிட முடிவு செய்தார்களாம். பிள்ளையில்லாத அம்மாவுக்குத் தோட்டத்து மருத்துவமனை ஆயா வழியாகச் செய்தி வந்திருக்கிறது. பெற்றவள் கேட்டது ஒன்றே ஒன்று: பிள்ளை நடக்கவும் பேசவும் கற்ற பிறகு, ஒரே ஒரு முறை அதன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அம்மா சத்தியம் செய்து கொடுத்தாள். எட்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டாள். கடைசியில் ஆயா மூலம் இடங்களும் நேரங்களும் எழுதிய தாளை அனுப்பிவிட்டு, இரண்டு இடங்களில் என்னை ஒளித்துவைத்தாள்.

“ஒன்னய ஒரு தடவ தொட்டா, அவங்களால விட முடியாதுன்னு நெனச்சேன்,” என்றாள். “என்னால விட முடியுமா?” பிறகு, “ஒன் கொரல அதுக்கு முன்ன அவங்க கேட்டதே இல்ல,” என்றாள்.

திருமணமான பிறகு நான் ஜெலுத்தோங்கில் தேடினேன். அந்த வரிசை வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்திருந்தன. அப்படி ஒரு குடும்பத்தை அறிந்தவர் எவருமில்லை. அறுபது கடந்த இந்நாளிலும் கோயிலில் அப்பதிகத்தை என்னைப் பாடச் சொல்கிறார்கள். பாடுகிறேன்.

ஆனால் அன்று, பெர்ரியில் திரும்பி வந்துகொண்டிருந்த எட்டு வயதுச் சிறுமிக்கு ஒரே ஓர் ஐயம்தான் இருந்தது. முதலடியிலேயே ஓடவேண்டிய பேய், பதினோரு பாட்டுக்கும் ஏன் நின்றது? நான்தான் எங்கோ ஒரு சொல்லைப் பிழையாகப் பாடியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். தோட்டம் வந்து சேரும்வரை, எந்த இடத்தில் தவறினேன் என்று, பதிகத்தை முதலிலிருந்து வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.