கொளுத்திப் பார்க்காத நூல்

சௌந்தரராஜனின் ஸ்வெட்டரைப் பற்றி ஸ்கெலட்டன் சுரங்கக் குடியிருப்புப் பக்கம் கேள்விப்படாத ஆள் இல்லை. தங்கச் சுரங்கத்தை மூடாதீர்கள் என்று கேட்க டெல்லிக்கு ரயிலேறிய கூட்டத்தில் அவரும் ஒருவர். இவர்கள் சொன்னதை அங்கே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அந்தப் பயணத்தில் அவருக்கு மிஞ்சியது நடைபாதைக் கடையில் வாங்கிய பழுப்பு நிற ஸ்வெட்டர் ஒன்றுதான். அசல் கம்பளி, கடைக்காரன் பெற்ற பிள்ளை மேல் சத்தியம் பண்ணிக் கொடுத்தான் என்று டீக்கடையில் அவர் சொல்லாத மார்கழி கிடையாது. கேட்டவர்களுக்குக் காது புளித்துப்போனதே தவிர அவருக்கு வாய் வலிக்கவில்லை.

அந்த ஸ்வெட்டரைப் பிரித்துத்தான் அவர் மனைவி குணசுந்தரி, பேக்கரி கிளாரன்சுக்குக் கையுறை பின்னிக் கொடுத்தாள்.

பின்னுவதுதான் அவள் பிழைப்பு. சுரங்கம் மூடிய பிறகு வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே என்று, விடிவதற்கு முன்னால் ரயிலேறி பெங்களூரில் ஒரு துணி கம்பெனிக்குத் தைக்கப் போனவள். பெட்டி நிறைய ஆட்கள் காதைத் துண்டால் மூடிக்கொண்டு நடுங்குவதைப் பார்த்தாள். ராபர்ட்சன்பேட்டையில் பழைய துணி விற்பவரிடம் கிழிந்த ஸ்வெட்டர்களை வாங்கி, பிரித்து, அலசி, நூலின் சுருக்கத்தை இட்லிப் பானை ஆவியில் எடுத்து, குல்லா பின்னி அதே ரயிலில் விற்றாள். பிறகு தையல் வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்கிவிட்டாள். மஃப்ளர், சாக்ஸ், குழந்தைக் குல்லா எல்லாம் அவள் கையில் வரும். பிரிக்க வராத ஸ்வெட்டரை வெட்டி, வெந்நீர்ப் பைக்கு உறை தைத்துவிடுவாள். எதையும் வீணாக்க மாட்டாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் கறார். எந்த நூல் வந்தாலும் ஒரு துண்டு அறுத்து நெருப்பில் காட்டுவாள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அது கம்பளி. பிளாஸ்டிக் நாற்றம் அடித்து, கறுப்பு மணியாக உருண்டு கெட்டியானால் அது மிஷின் நூல். குல்லாவுக்கு இரண்டும் ஒன்றுதான், குளிருக்குத் தெரியவா போகிறது? ஆனால் சூட்டில் கை வைக்கிறவர்களுக்கு அசல் கம்பளி தவிர வேறு எதையும் தர மாட்டாள். கம்பளி கருகும், உருகாது. அவள் வேலை பார்த்த இடத்தில், இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் உருகிய நூல் ஒரு பெண்ணின் உள்ளங்கையில் ஒட்டி, தோலோடு பிய்ந்து வந்ததை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். பல நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஆண்டர்சன்பேட்டையில் கிளாரன்சின் விறகு அடுப்புக்கு ஓய்வு கிடையாது. வீட்டில் கேக் மாவைக் கலக்கி டின்னில் ஊற்றி, மேலே பெயர் எழுதிய சீட்டை ஒட்டி, ஊரே அவனிடம் கொண்டுவந்து கொடுக்கும். அவன் ஈரச் சாக்கைப் பிடித்துக்கொண்டு தட்டுகளை இழுத்து இழுத்துக் கை வெந்துபோய், "ஆன்ட்டி, முழங்கை வரைக்கும் டபுளா ஒரு கிளவுஸ் போட்டுக் குடுங்க" என்று கேட்டான். அவள் தேடித் தேடிப் பார்த்தாள். இப்போது வரும் பழைய ஸ்வெட்டரெல்லாம் மிஷின் நூல். இல்லை என்று சொல்லிவிடலாம் என்றிருந்தபோது சௌந்தரராஜன் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் மடியில் போட்டார்.

"இத்த பிரி குணா. இது அசல்."

அவர் முகத்தில் அத்தனை பெருமை. அந்த நூலை அறுத்து அவர் கண் எதிரே தீக்குச்சி கிழிக்க அவளுக்கு மனசு வரவில்லை. அத்தனை வருஷப் பேச்சுக்கு அத்தாட்சி கேட்பது மாதிரி இருக்கும் அல்லவா? பின்னினாள். இன்று மத்தியானம் கிளாரன்ஸ் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

விளக்கு வைக்கும் நேரம். சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து மிச்ச நூலை உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். தொங்கிய நுனி சுடரில் பட்டது. சட்டென்று பற்றியது. ஊதி அணைத்தாள். முடி வாடை வரவில்லை. எரிந்த பிளாஸ்டிக் வாளியின் நாற்றம் வந்தது.

நுனியைத் தொட்டாள். கறுப்பு மணி. நகத்தால் நசுக்கினாள், நசுங்கவில்லை.

கட்டிலில் இருந்த சௌந்தரராஜன் நிமிர்ந்தார். "இன்னா வாசன?"

"உங்க நூலு."

"விளக்கெண்ணெ பட்டிருக்கும்."

அவள் உருண்டையின் நடுவிலிருந்து ஒரு துண்டு அறுத்துத் தீக்குச்சியைக் கிழித்தாள். இருவரும் பார்த்தார்கள். நூல் சுருண்டு, உருகி, உருண்டது. அவர் அதை வாங்கி விரலால் உருட்டிப் பார்த்தார்.

அவள் போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுப்புக்கு முன்னால் நிற்கிறவன் போனைக் கல்லாவில்தான் போட்டு வைத்திருப்பான். மறுபடி அடித்தாள். ரொட்டி இறங்கி, கேக் டின்கள் உள்ளே போகும் நேரம் இது. அந்தப் பெண்ணின் உள்ளங்கை அவள் கண் முன்னால் வந்து நின்றது.

"நான் போறேன்" என்று செருப்பைத் தேடினாள்.

"வலிக்கற முட்டிய வச்சிக்கினு எங்க நடப்ப? இந்த நேரத்துல ஆட்டோ வராது." அதற்குள் அவர் மொபெட்டை வாசலில் இறக்கியிருந்தார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் தொடாத வண்டி. அவள் தடுக்கவில்லை, தடுக்க நேரமில்லை.

மிதித்தார். உறுமிவிட்டு அணைந்தது. மறுபடி மிதித்தார். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிய சைனைட் மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து காற்று ஊசியாகக் குத்தியது. வெறும் சட்டையில் இருந்த அவர் முதுகு நடுங்குவது அவள் கைக்குத் தெரிந்தது. ஏற்றத்தில் வண்டி முனகி முனகி ஏறியது. எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சத்தில் அவருக்குக் கண் கூசி, வண்டி மண்ணில் இறங்கிச் சாய்ந்தது. காலை ஊன்றி நிறுத்தி இருமினார். இந்த மனுஷனையும் சேர்த்துப் பலி கொடுக்கப் போகிறேனோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் "போங்க, போங்க" என்றுதான் வாய் சொன்னது.

பேக்கரி வாசலில் டின்னும் கையுமாகப் பெண்கள் நின்றார்கள். "வரிசையில வாம்மா" என்று யாரோ தோளைப் பிடித்தார்கள். உதறிவிட்டு உள்ளே ஓடினாள். அடுப்பின் வாய் திறந்திருந்தது. கிளாரன்ஸ் பழுப்புக் கையுறை மாட்டிய இரண்டு கையாலும் இரும்புத் தட்டைத் திருப்பி வைக்க வெளியே இழுத்துக்கொண்டிருந்தான்.

"கிளாரன்சு, உட்டுடு அத்த!"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். தட்டு சரிந்து டின்கள் தரையில் உருண்டன. பாதி வெந்த கேக் சிமெண்டில் வழிந்தது. அவள் அவன் கையைப் பிடித்துக் கையுறைகளை உருவினாள். வலது கையுறை விரல்களில் சற்று ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளடுக்கு தாங்கியிருந்தது. மேலடுக்கில் இழைகளெல்லாம் ஒன்றாக இறுகி, பளபளவென்று ஓடு கட்டியிருந்தன. இரண்டு விரல் சிவந்திருந்தன, அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டியில் அவன் கையை முக்கிப் பிடித்தபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"இப்பதான் ஆன்ட்டி சுட ஆரம்பிச்சிது" என்றான் அவன், ஒன்றும் புரியாமல்.

கீழே கிடந்த டின்களில் ஒன்று வரிசையில் நின்ற டீனாவுடையது. அவள் வாசலிலிருந்து வந்து சீட்டைக் குனிந்து பார்த்தாள். "எம் புள்ள துபாய்லேந்து வரான். ரம்முல ஊறப்போட்ட முந்திரி அத்தனையும் போச்சு. இன்னாம்மா இது, பைத்தியமா உனக்கு?"

குணசுந்தரி வாயைத் திறந்தாள். அசல் என்று நம்பினேன் என்றால், யாரை நம்பினாய் என்பார்கள். பின்னியது நான்தானே என்று பழியைத் தலையில் வாங்கிக்கொள்ளத் தயாரானாள்.

"தப்பு என்னுது."

சௌந்தரராஜன் வாசற்படியில் நின்றிருந்தார். குளிரில் தாடை ஆடியது. "அந்த நூலு என் ஸ்வெட்டர்து. அசல் கம்பளின்னு நான்தான் சொன்னேன். அது டூப்பு. எல்லா நூலையும் கொளுத்திப் பாக்கறவ, என் பேச்சுக்காக இத்த மட்டும் பாக்கல."

வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அந்த ஸ்வெட்டரின் கதையைக் கேட்டவர்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. டீனா கிளாரன்சின் விரலைப் பார்த்தாள், கையுறையைப் பார்த்தாள். பிறகு டின்னில் மிஞ்சியதைச் சுரண்டி எடுத்துக்கொண்டு, முணுமுணுத்தபடியே போனாள். மறுநாள் காலையில் குணசுந்தரி முந்திரியும் முட்டையும் வாங்கி அவள் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். டீனா உட்காரச் சொல்லவில்லை, ஆனால் வாங்கிக்கொண்டாள்.

சௌந்தரராஜன் டீக்கடைப் பக்கமே போகவில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு இருமிக்கொண்டு கிடந்தார். பொய் சொன்ன கடைக்காரனை அவள் மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். சுரங்கமும் போச்சு, அவனாவது இந்த மனுஷனை ஏமாற்றாமல் இருந்திருக்கக் கூடாதா?

பிறகு மிச்சமிருந்த பழுப்பு நூலை எடுத்தாள். கையுறையில் உருகாத பகுதியையும் பிரித்துச் சேர்த்தாள். ஸ்வெட்டரின் கைக்கு நூல் போதவில்லை, கையில்லாத ஸ்வெட்டர்தான் வந்தது. அதை அவர் மடியில் போட்டாள்.

அவர் தடவிப் பார்த்தார். "அதே நூலா?"

"அதேதான். குளுருக்கு இது போதும். அடுப்புக்கிட்ட மட்டும் போவாதீங்க."

அவர் போர்வையை விலக்கிவிட்டு அதை மாட்டிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, குல்லாப் பையோடு ஸ்டேஷனுக்குப் போகும்போது டீக்கடை பெஞ்சில் அவரைப் பார்த்தாள். வெளியூர்க்காரர் ஒருவர் அவர் ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்து, அசல் கம்பளியா என்று கேட்டுக்கொண்டிருந்தார். குணசுந்தரியின் கால் தானாக நின்றது.

"இல்லீங்க, டூப்பு" என்றார் சௌந்தரராஜன். "என் வூட்டுக்காரி பின்னது. சூடா கீது."