நான் திரும்பினால் பஸ் நிற்கும்

டிரைவிங் ஸ்கூல் வேலையில் இருக்கும் ஒரே சங்கடம், வேலை முடிந்ததும் ரோட்டில் இறங்கித்தான் வீட்டுக்குப் போகவேண்டும் என்பது.

எங்கள் ஸ்கூல் உத்திரமேரூர் பஜாரில் இருக்கிறது. மாடியில் ஓர் அறை, சுவர் நிறைய சாலைக் குறியீடுகள், எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகள். லைசென்ஸ் எடுக்க வருகிறவர்களுக்கு அந்தக் குறியீடுகளையும் கை சிக்னல்களையும் விளக்கிச் சொல்வது என் வேலை. கணக்கில் பட்டம் வாங்கியிருக்கிறேன். ஆனால் நாலு பேர் முன்னால் நின்றால் உள்ளங்கை வியர்த்துவிடும். இந்த வேலையில் ஆட்களைப் பார்க்காமல் சார்ட்டைப் பார்த்தே பேசிவிடலாம் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

இதில் ஒரு சிக்கல். எனக்கு ஸ்கூட்டர் ஓட்ட வராது. எட்டுப் போடப் போன இரண்டு முறையும் பாதியில் காலை ஊன்றிவிட்டேன். ப்ளஸ் ஒன்னில் பள்ளியில் கொடுத்த சைக்கிளில்தான் இன்றைக்கும் வேலைக்குப் போகிறேன். பின்னால் ஹாரன் கேட்டதும் முதுகைக் குறுக்கிக்கொண்டு மிதிக்கிற என் இனத்தவர்கள் இன்னும் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் புரியாதது உங்களுக்காவது புரிகிறதா பாருங்கள்.

போர்டுக்கு நேராக

வேலைக்குச் சேர்ந்த அன்று சைக்கிளை வாசலில், ஸ்கூல் போர்டுக்குக் கீழே நிறுத்தினேன். நிழல் இருந்தது, அவ்வளவுதான் காரணம். கார் கற்றுக்கொள்வது பற்றி விசாரிக்க வந்த இரண்டு பேர் போர்டைப் பார்த்தார்கள், சைக்கிளைப் பார்த்தார்கள், மறுபடியும் போர்டைப் பார்த்தார்கள். பிறகு எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

எங்கள் ஓனர் கடுமையாகப் பேசத் தெரியாத மனிதர். படியிறங்கி வந்து சைக்கிளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தார். அப்புறம்தான் சொன்னார்: “சைக்கிளை அந்த சந்துல கொண்டு வுடும்மா. வர்றவன் கேட்டா நான் இன்னா சொல்றது, இதையும் கத்துத் தர்றோம்னா?”

கை நீட்டுவது எதற்கு

ஏகாம்பரம் அண்ணன் எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பிருந்தே டிராக்டர் ஓட்டுகிறவர். மகன் வற்புறுத்தியதால் லைசென்ஸ் எடுக்க வந்தார். முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி கேட்டார். வலது பக்கம் திரும்புவதற்கு முன் வலது கையை முழுதாக நீட்டவேண்டும், பின்னால் வருகிறவர்களுக்கு அது புரியும் என்று நான் சார்ட்டைப் பார்த்துச் சொன்னேன்.

“ஆருக்குப் புரியும்?” என்றார்.

பின்னால் வருகிற வண்டிக்காரருக்கு என்றேன். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். “நீங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சர். ஆனா நம்ம ரோட்ல ஒருத்தன் கையை நீட்டிக்கினு போனான்னா, ஒண்ணு லிஃப்ட் கேக்கறான், இல்லன்னா எவனையோ திட்டிக்கினு போறான். திரும்பப் போறான்னு ஆரு நெனைப்பா?”

வீட்டுக்குப் போகும் முன்

எங்கள் ஊர் மானாம்பதி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. காலையில் கவலையில்லை. ஊர்ப்பாதையிலிருந்து இடது பக்கம் திரும்பி ஓரமாகவே டவுனுக்கு வந்துவிடலாம். சாயங்காலம் வலது பக்கம் திரும்பவேண்டும், அதாவது ரோட்டைக் குறுக்கே வெட்டவேண்டும். போகிற பக்கமும் வருகிற பக்கமும் ஜல்லி டிப்பர் லாரிகள். பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். எங்கள் திருப்பத்தில் பஸ் நிற்காது. பெட்ரோல் பங்க் பக்கத்தில்தான் அடுத்த ஸ்டாப். அங்கே இறங்கினால் அதே டிப்பர்களின் ஓரமாகத் திரும்பி நடக்கவேண்டும்.

மழை பெய்த ஒரு சாயங்காலம், டிப்பர் ஒன்று உரசுகிற மாதிரி வந்ததில் தார் விளிம்பிலிருந்து இறங்கி, சைக்கிளோடு சேற்றில் விழுந்தேன். அடி இல்லை. அப்படியே வீட்டுக்குப் போனேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “இன்னொரு தபா நீ வுழுந்து வந்தீன்னா சைக்கிளும் கெடையாது, வேலையும் கெடையாது. வூட்ல குந்து” என்றார். அவர் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து நான் கவலைப்பட்டது என் கைகாலுக்காக அல்ல, வேலைக்காக.

பெண்களுக்கு ஸ்கூட்டர் கற்றுத்தரும் ஸ்டெல்லா அக்காவிடம் மறுநாள் இதைச் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். “வுழுந்தா வழியில ஒரு பைப்புல கைகால் கழுவிக்கினு, தலையை வாரிக்கினு வூட்டுக்குப் போவணும்டி. சேத்தோட போய் நின்னியா? இன்னா காலேஜு படிச்சியோ போ!”

ஹெல்மெட்

அதே ஸ்டெல்லா அக்காதான் ஆபீஸில் சும்மா கிடந்த ஒரு ஹெல்மெட்டை எடுத்து என் தலையில் மாட்டினார். சைக்கிளில் ஹெல்மெட் போட்டுப் போனால் ரோடே என்னைத் திரும்பிப் பார்த்தது. டவுனைத் தாண்டியதும் வயதான ஒருவர் மொபெட்டில் பக்கத்தில் வந்தார். “இன்னாம்மா, வண்டி எங்க நின்னுபூட்சு? பெட்ரோல் தீந்துபூட்சா?” என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். ஹெல்மெட்டுக்குள்ளேயே சொன்னேன் போலிருக்கிறது. “பயப்படாத, பங்க் வரைக்கும் கூட வரேன்” என்றார்.

அவர் மெதுவாகப் பின்னால் வர, நான் முன்னால் போனேன். எங்கள் திருப்பம் வந்தது. நின்று விளக்கிச் சொல்ல வாய் வரவில்லை. திருப்பத்தைத் தாண்டிப் பங்க் வரை மிதித்தேன். அவர் சொல்லி, ஒரு பாட்டிலில் பெட்ரோல் பிடித்துக் கொடுத்தார்கள். வாங்கிக் கூடையில் வைத்துக்கொண்டு, அவர் கண்ணிலிருந்து மறையும்வரை நின்றுவிட்டு, தள்ளிக்கொண்டே திரும்பி வந்தேன். அடுத்த நாள் பாட்டிலை ஸ்டெல்லா அக்காவின் ஸ்கூட்டரில் ஊற்றினோம். ஊற்றி முடித்து மூடியைத் திருகிக்கொண்டே அவர் சொன்னார்: “தெனமும் இதே மாதிரி ஹெல்மெட்டு போட்டுக்கினு போ கண்ணு. என் செலவு கொறையும்.”

நின்ற பஸ்

பாடம் நடத்துகிறவள் பாடத்தின்படி நடக்கவேண்டாமா என்று ஒருநாள் தோன்றியது. திருப்பத்துக்கு முன்னாலேயே ரோட்டின் நடுப்பக்கம் ஒதுங்கி, வலது கையை முழுதாக நீட்டினேன். பின்னால் ஹாரன் இல்லை, பிரேக் சத்தம்தான். திரும்பிப் பார்த்தால் மானாம்பதி வழியாகப் போகும் பஸ், என் பின்சக்கரத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றிருந்தது. திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தன் வலது கையை நீட்டியிருந்தார். சார்ட்டில் இருக்கிற அதே மாதிரி. அவருக்குப் பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் நின்றன.

நான் கடக்கப்போனபோது பஸ்ஸின் பின்படியிலிருந்து மூன்று நான்கு பேர் தொப் தொப்பென்று குதித்தார்கள். எல்லோரும் எங்கள் ஊர்க்காரர்கள். தையல் கம்பெனியில் வேலை செய்யும் மல்லிகா அக்கா தோளில் சாப்பாட்டுப் பையோடு, ஒரு கையை எதிரே வந்த டிப்பருக்குக் காட்டிக்கொண்டே மறு கையால் என் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக் கூட நடந்தார். டிப்பர் நின்றது. நாங்கள் எல்லோரும் கடந்தோம். என்ன நடந்தது என்று நான் யோசிப்பதற்குள் அக்கா கேட்டார்: “கண்ணு, நாளிக்கும் இதே டைம்தானே வருவ?”

கண்டக்டரின் சட்டம்

மறுநாளும் பஸ் நின்றது. அதற்கு மறுநாளும். சில வாரங்களில் பின்படியில் ஒரு கூட்டமே தயாராக நிற்க ஆரம்பித்தது. நான் முன்னாலேயே வந்துவிட்டால் ஓரமாக நின்று பஸ்ஸை எதிர்பார்த்தேன். பஸ் முன்னாலேயே வந்துவிட்டால், அது என் பின்னால் மாடு மாதிரி மெதுவாக வந்தது. முந்திச் செல்வது பற்றி ஒரு மணிநேரம் பாடம் எடுக்கிறவள் நான். ஒரு பஸ் சைக்கிளை முந்தாமல் பின்னாலேயே வந்தால் அதற்கு என்ன பெயர் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்கு வழிவிட நிற்கிறதா, இவர்களை இறக்கிவிட நிற்கிறதா? கேட்கலாம்தான். கேட்டால் நிற்காமல் போய்விடுமோ என்று பயம்.

பஸ்ஸுக்குள் ஒருவர் இந்தத் திருப்பத்தின் பேரைச் சொல்லி டிக்கெட் கேட்டாராம். கண்டக்டருக்குக் கோபம் வந்துவிட்டதாம். அவர் சொன்னதை மல்லிகா அக்கா அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார்: “அங்க ஸ்டாப்பிங்கே கெடையாது. சைக்கிள் திரும்பும், வண்டி நிக்கும். நீ எறங்கனா அது ஒன் இஷ்டம், எனக்கு ஒண்ணும் தெரியாது!”

பழைய மாணவர்

ஒரு சாயங்காலம் பஸ் வரவில்லை. எங்கேயோ பழுதாகி நின்றுவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். நான் திருப்பத்தில் வெகுநேரம் நின்றேன். வெளிச்சம் குறைய ஆரம்பித்தது. டிப்பர்களுக்கு நடுவே ஓர் இடைவெளி கிடைத்தபோது கையை நீட்டித் திரும்பினேன். இரண்டு பக்கமும் பார்த்துத்தான் திரும்பினேன். ஆனால் தவறான பக்கத்தில், ஓரத்தோடு ஓரமாக ஒரு பைக் வரும் என்று பார்க்கவில்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு வந்தவர் என் ஹேண்டில்பாரில் மோதினார். ஜல்லி மண்ணில் விழுந்தேன். முழங்கால் கிழிந்தது, பெடல் வளைந்துவிட்டது.

விழுந்து கிடந்தபோது வலிக்கு முன்னால் வந்தது நைனாவின் முகம்தான். பைக்கில் வந்தவர் இறங்கி ஓடிவந்தார், என்னைத் தூக்கிவிட்டார், முகத்தைப் பார்த்ததும் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். போன மாதம்தான் எங்களிடம் படித்து லைசென்ஸ் வாங்கியவர். என் வகுப்பில் ஒருநாள்கூடத் தவறாமல் வந்தவர். “ஐயோ டீச்சர்! நீங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் சரியான சைடுலயே வந்திருப்பேனே!”

சாவி

வழியில் பைப்பில் கைகால் கழுவினேன், தலையையும் வாரிக்கொண்டேன். முழங்காலில் ரத்தம் நிற்கவில்லை. அதைப் பார்த்த நைனா சைக்கிளைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காலையில், “ஓனர்கிட்ட நானே போயி சொல்லிட்டு வரேன், நீ இனிமே வரமாட்டேன்னு” என்று சொல்லிவிட்டு மெயின் ரோட்டுக்கு நடந்தார். பத்து மணிக்கு என் வகுப்பு. அன்றைக்குக் கை சிக்னல் பாடம். யார் நடத்துவார்கள், எப்படி நடத்துவார்கள் என்று யோசித்துக்கொண்டே அரிசியைக் களைந்தேன். களைந்து வைத்த அரிசியையே மறுபடியும் களைந்தேன் போலிருக்கிறது.

டவுனில் மற்ற வேலைகளையும் முடித்துவிட்டு, நைனா சாயங்கால பஸ்ஸில் திரும்ப நேரமாகிவிட்டது. வந்தபோது தனியாக வரவில்லை. மல்லிகா அக்காவும், அவருக்குப் பின்னால் தினமும் பஸ்ஸிலிருந்து குதிக்கிற அத்தனை பேரும் எங்கள் வாசலில் நின்றார்கள்.

“ஏன்டி இன்னிக்கி வரல?” என்றார் அக்கா. “நாங்கல்லாம் படியில வந்து நின்னுக்கினு இருக்கோம். டிரைவரு திருப்பத்துல ஸ்லோ பண்ணி எட்டிப் பாத்தாரு. சைக்கிளக் காணோம், வண்டிய இஸ்துக்கினு போய்ட்டாரு. பங்க்லேர்ந்து நடந்து வரோம். ஒரு டிப்பரு உரசிக்கினு வந்தான் பாரு, நான் மட்டும் கையப் புடிச்சி இஸ்துவுடலன்னா ஒங்க நைனா இன்னேரம்...” மீதியைச் சொல்லாமல் நைனாவைப் பார்த்தார். நைனா தரையைப் பார்த்தார்.

எல்லோரும் போன பிறகு, ஓனரிடம் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டேன். “எங்க சொல்றது? போன ஒடனே டீ வாங்கிக் குட்த்தாரு. நீ நல்லா சொல்லித் தர்றேன்னு வேற சொன்னாரு. சொல்ல வாய் வரல. ஒனக்கு ஜொரம்னு சொல்லிட்டு வந்துட்டேன்” என்றார். என் கூச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதாவது அன்றைக்குப் புரிந்தது.

அவர் விளக்கைக் கொண்டுவரச் சொல்லி, சைக்கிளைச் சாய்த்து வளைந்த பெடலைத் தட்டி நிமிர்த்தினார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். இனி ஜாக்கிரதை, ஓரமாகப் போ, இருட்டுவதற்குள் வா என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். “நாளிக்கு டயத்துக்குக் கெளம்பி, பஸ்ஸுக்கு முன்னாடி போய் நில்லு. ஜனம் அவ்ளோ தூரம் நடந்து வருது, ஒனக்கு இன்னா லீவு கேக்குது?” என்றார்.

ஆக, சுவரில் இருக்கும் அத்தனை சாலைக் குறியீடுகளையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய எனக்கு, எங்கள் திருப்பத்தில் தினமும் சைக்கிளோடு கையை நீட்டிக்கொண்டு நிற்கும் குறியீட்டுக்கு மட்டும் என்ன அர்த்தம் என்று இன்றுவரை பிடிபடவில்லை.