ஓட்டைவாய் ஆடிய ஆட்டம்

சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு வாய் எதற்கு? மூளையும் கையும் இருந்தால் போதாதா? நம்ம ஆளுக்கு மூளையே வாயில்தான் இருந்தது. யோசிக்க வேண்டுமானால் பேச வேண்டும். பேச்சு நின்றால் யோசனையும் படுத்துவிடும். பள்ளிக்கூடத்திலேயே "ஓட்டைவாய்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் கோபித்துக்கொள்ளாமல் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

பலகையில் இருப்பவர்களெல்லாம் அவளுக்குச் சொந்தபந்தம். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் தன்னைச் சுற்றி ஓடவிடும் ராஜா, மாமனார். வீட்டுப் பாரம் மொத்தத்தையும் சுமக்கும் ராணி, அண்ணி. எப்போது எங்கே குதிப்பான் என்று சொல்லமுடியாத குதிரை, மச்சான். முன்வரிசைச் சிப்பாய்கள் பொடிசுகள். "அண்ணி, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. மாமா, உங்களைத்தான், அசையாம உட்காருங்க" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் காயைத் தொடுவாள்.

போட்டி அரங்கில் இதெல்லாம் நடக்குமா? எதிராளி கையைத் தூக்குவார். நடுவர் வந்து, "மேடம், இது கடைசி எச்சரிக்கை" என்பார். வாயில் மிட்டாயை அடக்கிக்கொண்டு ஆடிப் பார்த்தாள். பேச்சு நின்றது, ஆட்டமும் கெட்டது. கடைசியில் மாஸ்டர் பட்டத்துக்கான ஆட்டம். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, ஆர்வக்கோளாறில், "மச்சான், விடாத, அடி!" என்று அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டாள். நடுவர் கடிகாரத்தை நிறுத்தி, வெற்றியைத் தூக்கி எதிராளியிடம் கொடுத்துவிட்டார். வயிறெரிந்துபோய் வீட்டுக்கு வந்தவள், பலகையைப் பரணில் போட்டாள்.

பிறகு கூரியர் கம்பெனியில், பார்சல் வராதவர்களின் திட்டைத் தொலைபேசியில் கேட்டுச் சமாதானம் சொல்லும் வேலை. பேசினால் சம்பளம், அவளுக்கு என்ன கஷ்டம்? ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், முந்தின நாள் நடந்த ஒரு பெரிய ஆட்டத்தை மாமனார் வீட்டுச் சண்டையாகவே சொல்லிக் காட்டினாள். சதுரங்கம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூடச் சோற்றில் கைவைத்தபடி வாயைப் பிளந்து கேட்டார்கள். "இதை அப்படியே வீடியோவா போடேன்பா" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

போட்டாள். சேனலின் பெயரும் "ஓட்டைவாய்"தான். அம்மா துணி தைக்கும் முன்னறையில், நூல்கண்டுப் பெட்டிமேல் போனைச் சாய்த்துவைத்து நேரலை. பின்னால் தையல் மெஷின் கடகடவென்று ஓடும். நடுவில் அம்மா, "அந்த அண்ணி ஏண்டி தனியா போறா? கூட யாரையாச்சும் அனுப்பு" என்பாள். அதுவும் பல நேரம் நல்ல யோசனையாக இருக்கும். ஒரு வருஷம் போவதற்குள், அவள் பேச்சைக் கேட்டுக் காய் நகர்த்தக் கற்றவர்கள் லட்சக்கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். கூரியர் வேலையைச் சந்தோஷமாக விட்டாள்.

அப்போதுதான் வந்தது வினை. நேரலையில் ஒரு கிராண்ட்மாஸ்டருடன் வேக ஆட்டம் ஆடி, சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டே அவரைத் தோற்கடித்தாள். மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்காமல் இப்படி ஆடமுடியாது. இது ஏமாற்று" என்று எழுதிப் போட்டார். ஆட்டம் நடந்த இணைய விளையாட்டுத் தளம் அவள் கணக்கை முடக்கியது. நேற்றுவரை "அக்கா, அக்கா" என்றவர்கள், இன்று "திருட்டு அக்கா" என்றார்கள். துணி தைக்கக் கொடுக்க வந்த பெண்மணிகூட, "நிஜமாவா?" என்று அம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். அம்மா அந்தத் துணியை வாங்காமலே திருப்பி அனுப்பிவிட்டாள்.

தோற்றபோதுகூட இவள் அழுததில்லை. அன்று அழுதாள். அழுதுகொண்டே வீடியோவும் போட்டாள்: "சார், நேர்ல வாங்க. ஒரே மேசை, ஒரே பலகை. நான் பேசுவேன், அது ஒண்ணுதான் என் நிபந்தனை. தோத்தா சேனலையே மூடிடறேன்."

"வாய் இருக்கே வாய்! மூடறேன்னு எதுக்குடி சொன்ன?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"வந்துடுச்சும்மா."

கிராண்ட்மாஸ்டர் உடனே ஒத்துக்கொண்டார். "தாராளமா பேசட்டும். அவங்க திட்டத்தை அவங்களே என்கிட்ட சொல்லப்போறாங்க, எனக்குக் கசக்குமா?" என்றார்.

ஏற்பாட்டைத் தளமே செய்தது. போன்களை வாங்கி வைத்துக்கொண்டு, தலை முதல் கால் வரை சோதித்து, இருவரையும் ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். மேசையில் ஒலிவாங்கி. பார்க்க வந்த கூட்டம் அடுத்த அறையில், பெரிய திரைக்கு முன்னால். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டம் சூடுபிடித்தது. அவள் பேச்சும்தான். "மாமா, நீங்க மூலையில பத்திரமா இருங்க. அண்ணி, நாம அந்தப் பக்கம் போய் ஒரு கலாட்டா பண்ணலாம்." கிராண்ட்மாஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தார், அவள் போவதற்கு முன்பே ஒவ்வொரு வழியையும் அடைத்தார். அடுத்த அறையில் அம்மா, "எல்லாத்தையும் சொல்லிடாதடி!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். வேறு வழி தேடிய ஓட்டைவாய், அவசரத்தில் ஒரு பொடிசை ஒரு கட்டம் முன்னால் தள்ளிவிட்டாள். கை எடுத்த பிறகுதான் உறைத்தது.

"ஐயையோ! என்ன காரியம் பண்ணிட்டேன்! சாரோட மச்சான் உயிரைக் கொடுத்து இந்தப் பொடிசை அடிச்சா, எங்க மாமாவுக்கு ஒளிய இடமே இல்லையே. நான் காலி!"

கிராண்ட்மாஸ்டரின் கை குதிரைமேல் போனது. தொடவில்லை, மேலேயே நின்றது. குதிரையை வெட்டுக்கொடுத்தால் உண்மையிலேயே ஜெயிக்கலாம் போலத்தான் இருந்தது. ஆனால் முடிவுவரை எண்ணிப் பார்க்கக் கடிகாரத்தில் நேரம் இல்லை. அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. இவ்வளவு அழகாக ஒருத்தி பதறுவாளா? நம்மைக் கவிழ்க்கப் பார்க்கிறாள். லேசாகச் சிரித்துவிட்டு, கையை இழுத்துக்கொண்டு, யானையை நகர்த்தினார்.

"அப்பாடா!" என்று அவள் விட்ட பெருமூச்சு ஒலிவாங்கியில் புயலாகக் கேட்டது. அடுத்த நகர்த்தலில் ஓட்டையை அடைத்தாள். அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. "இப்ப அண்ணி நேரா உங்க வீட்டுக்குள்ள வர்றாங்க சார்" என்று சொன்னாள், வந்தாள். "அடுத்தது உங்க யானை" என்றாள், எடுத்தாள். அவர் எதை நம்புவது, எதை விடுவது என்று தெரியாமல் திண்டாடினார். கடைசியில் தன் ராஜாவைச் சாய்த்துவைத்துவிட்டுக் கை நீட்டினார். அடுத்த அறையில் எழுந்த சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. "என் பொண்ணுங்க! என் பொண்ணு!" என்ற அம்மாவின் குரல் அதில் தனியாகக் கேட்டது.

கிராண்ட்மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. பலகையில் காய்களைப் பழைய இடங்களுக்கு நகர்த்தி, அந்தக் குதிரையை எடுத்துப் பொடிசின்மேல் வைத்துப் பார்த்தார். மெதுவாக ஒவ்வொன்றாக எண்ணினார். முகம் மாறியது.

"இதை நான் அடிச்சிருந்தா..."

"அங்கேயே முடிஞ்சிருக்கும் சார். அப்பவே சொன்னேனே!"

"நடிக்கிறீங்கன்னு நினைச்சேன்."

"எனக்கு எங்க சார் அதெல்லாம் வரும்?"

அவர் குதிரையைப் பழைய இடத்திலேயே வைத்தார். பிறகு ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இவங்களை ஏமாத்துக்காரின்னு சொன்னது நான்தான். இவங்க கடைசிவரைக்கும் உண்மையைத்தான் சொன்னாங்க. அதை நம்பாமத்தான் நான் தோத்தேன்."