பெருக்காத வாசல்

லாவோஸ் நாட்டு மலைக்குக் காப்பிப்பழம் பறிக்கப் போகிறேன் என்றதும் எங்கள் தெருக் கடை அண்ணாச்சி சிரித்துவிட்டார். “கைக்காசுல டிக்கெட் எடுத்து, கூலியில்லாத வேலைக்குப் போற ஆள இப்பத்தான் பாக்கேன்.” சோறும் படுக்க இடமும் தருவார்கள், ஊர் சுற்றுகிறவர்கள் இப்படி வேலை செய்து தங்குவதுண்டு என்று எவ்வளவு சொல்லியும் அவருக்கு ஏறவில்லை. அம்மா கேட்டது ஒன்றுதான். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்றாள். அதுவரை அவள் வாசலைப் பெருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

யாராவது பயணம் கிளம்பினால் உடனே வீட்டைப் பெருக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிணத்தை எடுத்துப் போன பிறகுதான் அப்படிப் பெருக்குவார்கள். மற்ற வீடுகளில் கொஞ்ச நேரம் பொறுத்து விளக்குமாற்றை எடுத்துவிடுவார்கள். அம்மா மட்டும், போனவர்கள் போய்ச் சேர்ந்த சேதி வரும்வரை அதைத் தொடமாட்டாள்.

அப்பா தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். ஒரு காலையில், “சரக்கு இன்னும் ஏறி முடியல, மத்தியானம் சோத்துக்கு வாரேன்” என்று சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்குப் போனார். மத்தியானம் வருகிறவர்தானே என்று அம்மா அவர் பின்னாலேயே வாசலைப் பெருக்கினாள். சரக்கு சீக்கிரம் ஏறிவிட்டது. காற்றும் வாகாக இருக்கவே அப்போதே தோணியைக் கிளப்பிவிட்டார்கள். அந்தத் தோணி மாலத்தீவு போய்ச் சேரவே இல்லை.

புயல், பழைய தோணி என்று ஊரார் ஆயிரம் சொன்னார்கள். அம்மாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை. அவளுக்கு விளக்குமாறுதான் காரணம். “நாந்தான் பெருக்கி அனுப்பிட்டேன்” என்பாள். படித்த திமிரில் நான் எத்தனையோ தடவை அவளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒன்றும் பலிக்கவில்லை.

மலையில் நான் தங்கிய வீட்டில் ஒரு பெண்ணும் அவருடைய மகனும் இருந்தார்கள். அவருக்கு என் அம்மா வயதுதான் இருக்கும். காலையில் சிவந்த பழமாகப் பார்த்துப் பறிப்போம். தோல் நீக்கிக் கழுவிய கொட்டைகளை வீட்டு வாசலில் இருந்த சிமெண்டுக் களத்தில் காயப்போட்டுப் பலகையால் கிளறிக்கொண்டே இருக்கவேண்டும். எங்கள் ஊர் உப்பளங்களில் உப்பு வாரும் பலகை மாதிரியே அது இருந்தது. பனி இறங்குவதற்கு முன் எல்லாவற்றையும் குவித்து மூடிவிடுவோம். மறுநாள் களத்தைப் பெருக்கிவிட்டு மறுபடியும் பரப்புவோம். எங்களுக்குள் பேச்சு என்றால் கைச்சாடையும், என் போனில் இருந்த மொழிபெயர்ப்பும்தான்.

மகனுக்கு எல்லை தாண்டித் தாய்லாந்தில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று காலை அந்த அம்மா அவன் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி ஏதோ முணுமுணுத்தார். வேன் வளைவில் திரும்பி மறைந்ததுதான் தாமதம், களத்தைப் பெருக்க விளக்குமாற்றை எடுத்துவிட்டார்.

“ஐயோ, வேண்டாம்மா!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, குவியலைக் காட்டி, வெயிலைக் காட்டி, பெருக்கிக்கொண்டே போனார். ஈரக் கொட்டை குவியலாகவே கிடந்தால் புளித்துவிடும். அது எனக்கும் தெரியும். ஆனாலும் கத்திவிட்டேனே. நம்பாதவள் எதற்குக் கத்தவேண்டும்? அன்று முழுக்க வளைவையே பார்த்துக்கொண்டு கொட்டையைக் கிளறினேன்.

சாயங்காலம் மகன் போனில் வந்தான், வேலை இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக. அந்த அம்மா அவன் முகத்தை எனக்கும் காட்டினார். நான் அழுதுவிட்டேன். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. ஒரு தம்ளர் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இனி அம்மாவின் வாயை அடைத்துவிடலாம் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கிருந்தே வீடியோவில் கூப்பிட்டுக் களத்தைக் காட்டினேன்.

“இங்கன பாரும்மா. மகன் வேன் ஏறுன கையோட இந்தம்மா பெருக்கிட்டாங்க. அவன் நல்லபடியா போய்ச் சேந்துட்டான்.”

“உடனேயா பெருக்குனா?”

“என் கண்ணால பாத்தேம்மா. பெருக்குறதுக்கும் போறதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

அம்மா களத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் தெளியும் என்று காத்திருந்தேன்.

“அப்போ உங்கப்பா எதுக்குளா போனாவ?” என்றாள்.

இத்தனை வருஷமும் அவளிடம் ஒரு காரணமாவது இருந்தது. சும்மா கிடந்த சங்கை நான்தான் ஊதிக் கெடுத்துவிட்டேன். “சரி, பாத்து வா” என்று அவளே போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் அவளோடு மல்லுக்கட்டுவதில்லை. எங்கே போனாலும், இறங்கியதும் பையைக்கூடக் கீழே வைக்காமல் அம்மாவைத்தான் கூப்பிடுகிறேன்.

“சேந்துட்டேம்மா,” என்பேன். “இனி வாசலப் பெருக்கு.”