எந்தத் தந்தி?

ஆட்டுக்குடலில் முறுக்கிய கிட்டார் தந்தி அடைமழையில் அறுந்தால் எப்படிச் சத்தம் வரும் என்று என்னைக் கேளுங்கள். சுள்ளி ஒடிந்த மாதிரி ஒரு 'டப்'. அடுத்து துரைசாணியின் பாஷையில் ஒரு வசவு. அதற்கும் அடுத்து என் பெயர். இந்த மூன்றையும் கேட்டுவிட்டால் அந்த வாரம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. சித்தப்பா வீட்டுக்கு இறங்க முடியாது. புதுத் தந்தி வந்து ஏறும்வரை துரைசாணி அறைக்குள் படுத்துக்கிடப்பாள், நான் வாசலில் காவல் கிடப்பேன்.

தேயிலையும் ரப்பரும் கலந்த தோட்டம் அது, கஹவத்தை என்ற சின்னப் பட்டணத்துக்கு மேலே மலையில். நான் அங்கே கூலிக்காரரின் வரிசை வீடுகளில், லயத்தில் பிறந்தவள். அப்பா செத்த பிறகு அம்மா தங்கச்சியை மட்டும் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி ஊருக்குப் போய்விட்டாள். நான் இரத்தினபுரியில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் என்னைச் சித்தப்பா பொறுப்பில் விட்டாள். "படிப்ப முடிச்சிட்டு வந்து சேருடி" என்றாள். படிப்பு முடிந்தது. இங்கிலீஷ் தெரிந்த பெண் லயத்தில் இருக்கிறாள் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காதுக்கு எட்டியது. அவ்வளவுதான், அம்மாவிடம் போக வேண்டியவள் துரைசாணிக்குத் துணையாக மலை ஏறிப் பங்களாவுக்குப் போனேன்.

சொல்லாமல் கிளம்பியிருக்கலாமே என்று இப்போது என் மருமகன் கேட்கிறான். அவனுக்கு என்ன தெரியும்? நான் சொல்லாமல் போனால் சித்தப்பாவின் கையில் வேலைநீக்கப் பத்துச்சீட்டைக் கொடுத்துக் குடும்பத்தோடு தோட்டத்தை விட்டு வெளியேற்றிவிடுவார்கள். ஒற்றைக் காம்பராவில் ஐந்து பிள்ளைகளோடு இருந்த மனிதர் அவர். அதையும் பிடுங்கிவிட்டு நான் எந்த முகத்தோடு அம்மா முன்னால் போய் நிற்பது?

துரைசாணி ஸ்பெயின் தேசத்துக்காரி. துரை முன்னொரு காலத்தில் அங்கே செம்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம், அங்கேதான் கல்யாணம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், அவ்வளவுதான். அவளுடைய இங்கிலீஷ் அரைகுறை, என்னுடையதும் அப்படித்தான், அதனால் எங்களுக்குள் நன்றாகப் புரிந்தது. மற்றத் துரைமாரின் மனைவிகள் அவளைக் கிளப்பில் ஒதுக்கினார்கள். துரையும் பிறகு அவளைக் கூட்டிப்போவதை விட்டுவிட்டார். ஊருக்கு ஒருமுறை போய் வருகிறேன் என்று அவள் கேட்கும்போதெல்லாம் "அடுத்த வருஷம்" என்பார். நான் அம்மாவிடம் போக லீவு கேட்டால் துரைசாணியும் அதே பதிலைத்தான் எனக்குக் கொடுப்பாள். அவளுக்குப் பேச ஆள் வேண்டுமே.

அவள் வாசித்தது கிளப்பில் வாசிக்கிற கிட்டார் இல்லை. அவள் நாட்டு நாடோடிகளின் வாசிப்பு, ஃபிளமெங்கோ என்பாள். நகத்தால் தந்திகள் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வாரி அடிப்பாள், விரலால் பலகையைத் தட்டுவாள், குதிகாலால் தரையை மிதிப்பாள். மூன்று தந்தி வெறும் குடல், மற்ற மூன்றும் பட்டுநூலின் மேல் மெல்லிய கம்பி சுற்றியது. எங்கள் பக்கத்து மழையில் குடல் ஊறிப் பிசிறும், கம்பி கறுத்துத் தளரும். அதன் மேல் இந்த அடியும் விழுந்தால் எது தாங்கும்? இரும்புக் கம்பி போட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். பெட்டி பிளந்துவிடும், பிளக்காவிட்டாலும் அந்தச் சத்தத்தை அவள் அம்மா கேட்டால் எழுந்து போய்விடுவாள் என்றாள். தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தேன். அன்றைக்கே கரப்பான் வந்து மூன்றாம் தந்தியைக் கொறித்துவிட்டது. பிறகு கிட்டார் வைக்கும் பெட்டகத்தின் உள்ளே தேயிலைப் பெட்டிக்குப் போடும் ஈயத்தாளை ஒட்டி, வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து வைத்தேன். அது கொஞ்சம் பலன் கொடுத்தது.

தந்தி வாங்க நான்தான் கஹவத்தைக்கு இறங்க வேண்டும். அங்கே முஸ்லிம் அண்ணன் ஒருவர், நானா என்போம், கடை வைத்திருந்தார், கொழும்பிலிருந்து வரவழைத்துக் கொடுப்பார். நல்ல தந்தியைப் பிரித்தெடுக்கும் வழி எளிது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் முடிச்சோ கருப்போ இல்லாமல் கண்ணாடி போலத் தெரிய வேண்டும். இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் சுண்டினால், ஆடும்போது இரண்டே இரண்டு கோடாகத் தெரிய வேண்டும். மூன்றாக, நாலாகக் கலங்கித் தெரிந்தால் அது பொய்த் தந்தி, எத்தனை திருகினாலும் சுருதிக்கு வராது.

நான் ஒவ்வொன்றாகச் சுண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து நானாவுக்குச் சிரிப்பு.

"என்னா தங்கச்சி, பொண்ணு பாக்க வந்த மாதிரி இப்படிப் பாக்குறீங்க?"

"பொண்ணுன்னா ஒருதடவ பாத்தாப் போதும் நானா. இது தப்பிப் போச்சுன்னா எனக்கு ஞாயித்துக்கெழம போயிரும்."

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கஹவத்தைக்கு வந்து போகும் அந்த ஒரு பகல்தான் எனக்கு வெளி உலகம். கோச்சி வண்டி கூவுவதைக் கேட்கலாம், அது கொழும்புக்குப் போகிறது, அங்கிருந்து அம்மா இருக்கும் பக்கம் போகலாம் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கலாம். மட்டமான தந்தி வாங்கிப் போனால் பத்துப் பதினைந்து நாளில் மறுபடியும் வரலாம். நீடித்து உழைக்கிற தந்தியென்றால் மாதக்கணக்கில் மலையிலேயே கிடக்க வேண்டியதுதான். தெரிந்தும் நான் நல்லதையே பொறுக்கினேன். பொய்த் தந்தியின் சத்தம் என் காதுக்கு ஒப்பவில்லை. என் காதே என்னைக் கட்டிப்போட்டது என்றால் யாரைப் போய் நோவது?

ஒரு வைகாசியில் தந்திகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. நானா கொழும்புக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு நாள் காலை, தோட்டத்துத் தபால்பையைச் சுமக்கும் தப்பால்காரரிடம், "தொரசாணிட தந்தி வந்தீக்கு, சொல்லிருங்க" என்றிருக்கிறார். கேட்டதில் பாதியை வழியில் போட்டுவிட்டு வருவது தப்பால்காரரின் வழக்கம். கடை, நானா எல்லாம் வழியில் விழுந்துவிட்டது. பங்களாவின் பின்வாசலில் வந்து நின்று, "தொரசாணிக்குத் தந்தி வந்திருக்குங்க" என்றார்.

தோட்டத்தில் தந்தி வந்தது என்றால் யாரோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம். வேறு எதற்கு அங்கே தந்தி வரும்? சமையல் செய்யும் கோக்கி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்த் துரையிடம் சொன்னான். துரை சாப்பாட்டு மேசையில் கோப்பையை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் நாற்காலியை ஒட்டி நின்ற என்னைப் பார்த்தாள். அது நானாவின் கிட்டார் தந்தி என்று சொல்ல வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அவள் குதிகால் என் பாதத்தின் மேல் வந்து அழுந்தியது. அந்தக் குதிகாலின் பலம் எனக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டேன்.

"அம்மா" என்றாள் துரைசாணி. அவளுக்குத் தெரிந்த தமிழில் அது ஒன்று. சொல்லிவிட்டு அழுதாள். அந்த அழுகை நடிப்பில்லை என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன். அந்த அம்மா உயிரோடு, சுகமாகத்தான் இருந்தாள். அதனால் என்ன, அழுகை அழுகைதானே. துரை ஆடிப்போய்விட்டார். அழுகிற பெண்சாதியிடம் காகிதத்தைக் காட்டு என்று அவர் கேட்கவில்லை, ஊருக்குப் புறப்படு என்றார்.

தந்தியை எடுக்கப் போகிறோம் என்று நானும் அவளும் கஹவத்தைக்குப் போய் நானாவிடம் பொட்டலத்தை வாங்கி வந்தோம். இரவு உட்கார்ந்து ஆறையும் பூட்டினோம். அத்தனை நல்ல தந்தி அதற்கு முன்னால் வந்ததே இல்லை. அவள் வாசிக்கவில்லை, சுருதி மட்டும் கூட்டினாள். "நீங்க போயிட்டா நான் அம்மாகிட்ட போகலாமில்ல?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். எனக்கு நெஞ்சு நிறைந்து போனது.

மறுநாள் புறப்படும்போது வாசலில், துரைக்குக் கேட்கும்படியாக, கிட்டாரை என் கையில் கொடுத்து, "நான் திரும்பி வரும்வரை இவள் இதைப் பார்த்துக்கொள்வாள்" என்றாள். கிட்டாரை விட்டுவிட்டுப் போகிறவள் திரும்பி வருவாள் என்று துரை நம்ப வேண்டுமே. கிட்டாரோடு சேர்த்து என்னையும் அடகு வைத்துவிட்டுப் போனாள், பாவி. அவள் விடுதலையானதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வயிறு எரிந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவள் திரும்பி வரவில்லை. சில மாதம் கழித்துத் துரை கஹவத்தையில் இறங்கியபோது நானா மரியாதைக்கு விசாரித்திருக்கிறார்: "தொரசாணிட தந்தி எப்படி தொரை, நல்லா ஈக்குதா?" அன்று மாலை வீட்டுக்கு வந்த துரை கிட்டார் முன்னால் வெகுநேரம் நின்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டு வாங்கிக்கொண்டு வெளியேறியிருப்பேன். "கிழமைக்கு ஒருதரம் சுருதி கூட்டி வை" என்று மட்டும் சொன்னார். வாசிக்க ஆளில்லாத கிட்டாருக்கு நான் ஒரு வருஷத்துக்கு மேலாகச் சுருதி கூட்டினேன். உலர்ந்த துணியால் துடைத்தேன், வறுத்த அரிசி மாற்றினேன். ஒரு தந்தியாவது அறுந்து தொலைக்கட்டும் என்று வேண்டாத தெய்வமில்லை. ஒன்றும் அறுபடவில்லை. பொறுக்கியவள் நானல்லவா.

அப்போதுதான் தப்பால்காரர் மறுபடியும் பின்வாசலில் வந்து நின்றார்.

"புள்ள, ஒனக்குத் தந்தி வந்திருக்கு. தபால் கந்தோருல. நீதான் வந்து கையெழுத்துப் போட்டு எடுக்கணுமாம்."

இந்தத் தடவை அவர் எதையும் வழியில் போடவில்லை. அம்மாவைத் தவிர எனக்குத் தந்தி வர வேறு காரணமில்லை. முன்னறைக்குப் போனேன். துரை கணக்கு பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொரை, எனக்குத் தந்தி வந்திருக்குங்க. எங்கம்மா. ஊருக்குப் போகணும்."

அவர் தலையை நிமிர்த்தினார். சிரிக்கவில்லை. தமிழில் நிதானமாகக் கேட்டார்.

"எந்தத் தந்தி?"

அந்த நிமிஷம் என் மேல் எனக்கிருந்த பிடி விட்டுப்போனது. சித்தப்பா, பத்துச்சீட்டு, ஐந்து பிள்ளைகள் எதுவும் நினைவில்லை. கிட்டாரை எடுத்தேன். அவர் முன்னாலேயே ஆணிகளைத் திருகித் தளர்த்தி, ஆறு தந்தியையும் கழற்றினேன். ஒன்று சுழன்று முகத்தில் அடித்தது. எல்லாவற்றையும் கொண்டுபோய் அவர் கணக்கின் மேல் போட்டேன்.

"அது இந்தத் தந்திங்க, தொரை. எனக்கு வந்திருக்கிறது மத்தது."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஒரு தந்தியை எடுத்தார். முதல் தந்தி. இரண்டு கையாலும் இழுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார், கட்டைவிரலால் சுண்டினார். மனைவி செய்வதை அவர் பார்த்திருக்கிறார். எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது, கலங்காமல் இரண்டு கோடு.

"நல்ல தந்தி" என்றார். அதைக் கீழே வைக்காமலே, "போ" என்றார்.

கந்தோரில் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பார்த்தேன். அம்மாவுக்கு நோய் கடுமை, உடனே வா என்று தங்கச்சி புருஷன் அடித்திருந்தான். கோச்சி ஏறி, கப்பல் ஏறி, மறுபடியும் ரயில் ஏறிப் போனேன். போய்ச் சேரும்போது அம்மாவுக்கு உயிர் இருந்தது, நினைவும் இருந்தது. பாயில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவள் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். இத்தனை வருஷம் கழித்து என்னைப் பார்க்கிறாள், என்ன கேட்பாள் என்று குனிந்தேன்.

"எத்தன நாளு லீவு குடுத்தாங்க?" என்றாள்.

அதை நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. துரையும் சொல்லவில்லை.